வாத்துப் படம் போட்ட டூல்ஸ் பை

தயிர்ச்சோற்றில் ஸ்க்ரூவைக் கடித்த அன்றுதான், இனி ஒரு நல்ல பை இல்லாமல் முடியாது என்று எனக்குத் தோன்றியது.

பெரிய ஸ்க்ரூ இல்லை. தையல் மிஷினில் ஊசியை இறுக்கிப் பிடித்திருக்கும் மிளகளவு ஸ்க்ரூ. அதைக் காணோம் என்று காலையில் ஒரு லைனே, ஒரு வரிசை மிஷின் முழுக்க, நின்றுபோயிருந்தது. சூப்பர்வைசர் அக்கா மண்டியிட்டுத் தேடினார். செக்கிங் பெண்கள் துடைப்பத்தால் கூட்டித் தேடினார்கள். காந்தத்தை நூலில் கட்டித் தரையோடு தரையாக இழுத்துக்கொண்டு போனோம். மத்தியானம் அது என் கடைவாய்ப் பல்லில் கிடைத்தது. பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த பெரிய மெக்கானிக், "கல்லுங்களா அம்மிணி?" என்று கேட்டார். "ஆமாங்க" என்று சொல்லிவிட்டு அதை நாக்கின் அடியில் ஒதுக்கிக்கொண்டே மீதிச் சோற்றையும் சாப்பிட்டு முடித்தேன்.

நான் பனியன் கம்பெனியில் மெக்கானிக். பெண் மெக்கானிக் என்றால் திருப்பூரில் இன்றைக்கும் இரண்டாவது தடவை திரும்பிப் பார்ப்பார்கள். கோவில்பட்டியிலிருந்து கல்யாணமாகி வந்து, வருடக்கணக்கில் ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்து தைத்தவள்தான். என் மிஷின் மக்கர் செய்தால் மெக்கானிக் டீ குடித்துவிட்டு வருகிறவரைக்கும் சும்மா இருக்கப் பிடிக்காமல் நானே கழற்றிப் பார்ப்பேன். கழற்றியதைத் திரும்ப மாட்டவும் வந்துவிட்டது. முதலிபாளையம் பக்கத்தில் இருக்கிற இந்தக் கம்பெனியில், நீங்களே அந்த வேலையைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

வேலை பிடித்துப்போனது. டூல்ஸை வைத்துக்கொள்ளத்தான் இடம் அமையவில்லை. ஜவுளிக்கடையில் கொடுத்த கட்டைப்பை ஒன்றில் சாப்பாட்டுத் தூக்கு, தண்ணீர் பாட்டில், ஸ்க்ரூ டிரைவர், குறடு, ஆலன் கீ, லூப்பர், மாற்று ஊசி எல்லாம் ஒன்றாகவே குடித்தனம் நடத்தின. லூப்பர் என்பது ஓவர்லாக்கில் நூலை வளைத்துக் கொடுக்கும் சின்னக் கொக்கி. அதன் முனை பைக்குள் கை விடும்போதெல்லாம் என்னை ஒரு குத்துக் குத்தும்.

இன்னொரு தொல்லை, கடன். என் பையில் கை விடாத ஆளே அந்தக் கம்பெனியில் கிடையாது. பெரிய மெக்கானிக்கிடம் சொந்தமாக ஒரு பெட்டி இருக்கிறது. அதற்குப் பூட்டு இருக்கிறது. பூட்டின் சாவி அவருடைய அரைஞாண் கயிற்றில் இருக்கிறது. பழனிக்குப் பாதயாத்திரை போகிற, நெற்றி நிறைய திருநீறு பூசுகிற நல்ல மனிதர்தான். ஆனால் தன் டூல்ஸ் தேய்ந்துவிடும் என்று பயந்து என்னுடையதை எடுத்துப் பயன்படுத்துவார். திருப்பி வைக்க மறந்துவிடுவார். எலக்ட்ரீசியன் என் ட்வீசரை எடுத்துப் போனதை ஒருநாள் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். ஜெனரேட்டர் ரூம் கண்ணாடி முன்னால் நின்று மூக்கு முடி பிடுங்கிக்கொண்டிருந்தார்.

ஆக எனக்கு வேண்டிய பை இப்படி இருக்க வேண்டும்: உள்ளே ஒவ்வொன்றுக்கும் தனி இடம், ஒரு கையால் திறக்க வேண்டும், தோளில் மாட்டிக்கொண்டு மாடிப்படி ஏற வேண்டும், எனக்கு மட்டும்தான் திறக்கவும் வேண்டும். கடைசியில் சொன்னது எந்தக் கடையிலும் கிடைக்காது என்று அப்போது தெரியவில்லை.

என் வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். மங்கலத்துக்கும் சாயப்பட்டறைகளுக்கும் துணி உருளைகளை ஏற்றிப் போவார். அவர்தான் முதலில் யோசனை சொன்னார். "வண்டியில இருக்க இரும்புப் பொட்டிய எடுத்துட்டுப் போ. யானை மிதிச்சாலும் ஒண்ணும் ஆகாது." எடுத்துப் போனேன். யானை மிதிக்கவில்லை, நான்தான் நசுங்கினேன். பஸ்ஸில் கண்டக்டர், "என்னங்க, மீன் பொட்டிங்களா?" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டார். கம்பெனி மாடிப்படியில் ஒவ்வொரு படிக்கும் டமார் டமார் என்று இடிக்கும். மெக்கானிக் வருகிறாள் என்று மேல் மாடி முழுவதும் தெரிந்துவிடும். மிஷின் ரிப்பேர் என்று சொல்லிவிட்டு ஆயாசமாகக் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்து கவலையாக முகத்தை வைத்துக்கொள்வார்கள். முன்பெல்லாம் அவர்களை அப்படியே பிடிப்பேன். அந்தச் சந்தோஷத்தையும் அந்தப் பெட்டி கெடுத்தது.

அடுத்தது ஒரு பிளாஸ்டிக் பெட்டி. ஹார்டுவேர் கடையில் பார்த்ததுமே மனசு போய்விட்டது. கண்ணாடி மாதிரி மூடி, உள்ளே சின்னச் சின்ன அறைகள். ஊசிக்கு ஒன்று, ஸ்க்ரூவுக்கு ஒன்று என்று ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து அடுக்கினேன். எனக்குப் பிள்ளைகள் இரண்டு. மூத்தவள் காலேஜில் படிக்கிறாள். "அம்மா, நீ எங்க ரெண்டு பேர் டிபன் பாக்ஸைக்கூட இப்படி அழகா கட்டுனது இல்ல" என்றாள். திங்கட்கிழமை அதை லைனில் கொண்டுபோய் வைத்தது தப்பாகிவிட்டது. பலகாரக் கடை முன்னால் நிற்கிற மாதிரி எல்லாரும் வந்து நின்று பார்த்தார்கள். "அக்கா, அந்தக் குட்டிக் கத்திரி புதுசாங்க்கா?" என்று ஒருத்தி. "சும்மா பாத்துட்டுத் தர்றேங்" என்று இன்னொருத்தி. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாதவரைக்கும் கேட்காதவர்கள்கூடக் கேட்க ஆரம்பித்தார்கள். இதற்கு என் கட்டைப்பையே தேவலை. அதில் கை விட்டால் குத்தாவது குத்தும்.

இடுப்பில் கட்டுகிற டூல்ஸ் பெல்ட்டையும் விட்டு வைக்கவில்லை. கட்டிக்கொண்டு லைனுக்குள் போனதும், துணியை மடித்துக் கொடுக்கிற கைமடிப் பெண்கள், "அக்கா, மங்கலத்துக்கு ஒரு டிக்கெட் குடுங்க" என்று கையை நீட்டினார்கள். சாயந்திரமே கழற்றி வைத்துவிட்டேன்.

இந்த நிலையில்தான் ஒருநாள் காலை பஸ்ஸில் அந்தப் பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இடது கையில் கைக்குழந்தை, வலது தோளில் ஒரு பை. குழந்தை கத்தத் தொடங்கியது. அவள் குழந்தையை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. வலது கை மட்டும் பைக்குள் போனது. பால் பாட்டில் வந்தது. குழந்தை தட்டிவிட்டது. பாட்டில் உள்ளே போனது, துண்டு வந்தது. வாயைத் துடைத்தாள். துண்டு போனது, கிலுகிலுப்பை வந்தது. ஒன்றைக்கூட அவள் தேடவில்லை. ஒவ்வொன்றும் தானாக வந்து அவள் கையில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. பஸ் ஸ்பீடு பிரேக்கரில் துள்ளியபோதுகூட அந்தப் பை வாயைத் திறக்கவில்லை.

நான் குழந்தையைப் பார்க்கிறேன் என்று நினைத்து அவள் சிரித்தாள். "தூக்குறீங்களாக்கா?" என்றாள். நான் குழந்தையை வாங்கிக்கொண்டு, "பையையும் குடும்மா, உனக்கு ஏன் சிரமம்" என்று அதையும் மடியில் வாங்கிக்கொண்டேன். குழந்தையைக் கொஞ்சுகிற சாக்கில் ஜிப் எத்தனை இருக்கிறது, உள்ளே தடுப்பு எப்படி இருக்கிறது, அடிப்பக்கம் கெட்டியா என்று விரலால் தடவித் தெரிந்துகொண்டேன். என் ஸ்டாப்பிங் எப்போதோ போய்விட்டது. அன்றைக்கு வேலைக்குத் தாமதம். ஏன் என்று கேட்டதற்கு, பஸ் பஞ்சர் என்று சொன்னேன்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை புது பஸ் ஸ்டாண்டு பக்கம் குழந்தைச் சாமான் கடை ஒன்றுக்குப் போனேன். போகும்போது கைப்பையில் என்னிடம் இருப்பதிலேயே நீளமான ஸ்க்ரூ டிரைவரைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டேன். அளவு பார்க்காமல் எதையும் வாங்கக் கூடாது.

கடையில் நின்ற அம்மா கொங்குப் பக்கத்து மனுஷி. சொந்தக்காரர் வீட்டுக்கு வந்தவளை வரவேற்கிற மாதிரிதான் பேசினார். "வாங்க வாங்க. பாப்பாவுக்குங்களா, பையனுக்குங்களா?"

வாயில் வந்தபடி "ரெண்டுக்குந்தாங்க" என்றேன்.

"ரெட்டப் புள்ளைங்களா?" அந்தம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. "மக புள்ளைங்களா?"

மகள் வீட்டில் காலேஜ் அசைன்மென்ட் எழுதிக்கொண்டிருந்தாள். தலையை ஆட்டியும் ஆட்டாமலும் வைத்தேன்.

"அப்ப பெரிய பையாத்தான் எடுக்கோணுங்" என்று அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். ரோஸ் நிறத்தில் ஒன்று, கரடி போட்டது ஒன்று, வெளிர்மஞ்சளில் வாத்துகள் வரிசையாக நடந்து போகிற பை ஒன்று. வாத்துப் பையைத் திறந்தேன். பக்கவாட்டில் பால் பாட்டில் வைக்க உயரமான அறை. உள்ளே இரண்டு வரிசையில் எலாஸ்டிக் வைத்த அறைகள். முன்னால் ஒரு தனி ஜிப். பின்னால் மடித்து வைக்கும் ரப்பர் விரிப்பு, குழந்தையைப் படுக்க வைத்துத் துணி மாற்றுவதற்கு. எனக்கு அதில் என் ஸ்க்ரூவும் ஸ்பிரிங்கும் உருண்டு ஓடாமல் படுத்திருப்பது தெரிந்தது.

"எண்ணெ பாட்டில் வெச்சா சாயாம நிக்குங்களா?" என்று கேட்டேன்.

"நல்லா நிக்குங். தேங்காண்ணெங்களா?"

"அந்த மாதிரிதாங்க. கூரா ஏதாச்சும் வெச்சா கிழியாதுல்ல?"

அவர் கொஞ்சம் தயங்கினார். "கொழந்தைக்குக் கூரா என்னத்துக்குங்க?"

"நகவெட்டிங்க."

"அதெல்லாம் கிழியாதுங். பல்லு வந்துருச்சுங்களா புள்ளைங்களுக்கு?"

துணியைத் தள்ளிக்கொண்டு போகும் மிஷின் பாகத்துக்கு எங்கள் பேச்சில் பல் என்றுதான் பெயர். முந்தின நாள்தான் தேய்ந்துபோன ஒன்றைக் கழற்றியிருந்தேன். பழசை மாற்றிப் புதுசு போட்டாச்சு என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன். அவர் அந்தப்பக்கம் திரும்பி வேறு யாருக்கோ பவுடர் எடுத்துக் கொடுத்த நேரத்தில் கைக்குட்டையைப் பிரித்து ஸ்க்ரூ டிரைவரை உள்ளே இறக்கினேன். தைத்துக் கொடுத்த மாதிரி உட்கார்ந்தது. அவர் திரும்புவதற்குள் எடுக்க வேண்டும் என்று இழுத்தால், எலாஸ்டிக் பிடித்துக்கொண்டது. அதுவும் நல்ல குணம்தான் என்று மெச்சிக்கொண்டே வெடுக்கென்று உருவினேன்.

பணம் கட்டும்போது அந்தம்மா ஒரு கிலுகிலுப்பையைப் பைக்குள் போட்டார். போட்டுவிட்டு, "ரெட்டையாச்சே, சண்டை வந்துருமுங்" என்று இன்னொன்றையும் போட்டார். அப்போது மட்டும் எனக்குக் கொஞ்சம் ஒரு மாதிரி இருந்தது. "உங்க புள்ளைங்க நல்லா இருக்கட்டுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். அது உண்மையாகவே சொன்னது.

வீட்டில் ஸ்க்ரூ டிரைவரைப் புதுப் பைக்குள் செருகி, பையை ஆணியில் மாட்டிவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் என் வீட்டுக்காரர் கட்டிலில் உட்கார்ந்து அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். சாப்பாடு போட்டேன். பிசைந்துகொண்டே இருந்தார், வாய்க்குப் போகவில்லை.

"என்னங்க, உப்பு இல்லையா?"

"உப்பெல்லாம் இருக்கு." பிள்ளைகள் காதில் விழாத குரலில், "ஏ புள்ள, எத்தன மாசம்?" என்றார்.

எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் இரும்புப் பெட்டியைத் தூக்கிச் சுமந்த தோள்வலி இன்னும் இருந்தது. அதனால் தலையைக் குனிந்துகொண்டேன். "நானே சொல்லலாம்னு இருந்தேன்" என்றேன்.

அவர் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மகள் இருந்த அறையைப் பார்த்தார். "இந்த வயசுலயா. சரி... சரி, விடு. என்ன செய்ய. ஊர்ல அம்மாகிட்ட நீயே சொல்லிரு. நான் சொல்ல மாட்டேன்." பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் அவர் கடைசியில், "வெயிட்டு எதையும் தூக்காத, அந்த இரும்புப் பொட்டிய நாளைக்கே வண்டியில வெச்சிருதேன்" என்றாரே, அதைக் கேட்ட பிறகுதான் பையைக் கழற்றி உள்ளே இருந்த ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் காட்டினேன். அவர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார்.

கம்பெனியில் அந்தப் பை நான் நினைத்ததைவிட நன்றாக வேலை செய்தது. வாத்துப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நான் நுழைந்த முதல் நாள், பெரிய மெக்கானிக் அதைப் பார்த்துவிட்டு உடனே முகத்தைத் திருப்பிச் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். மத்தியானம் அவருக்கு ஆலன் கீ தேவைப்பட்டது. பை ஒரு கை தூரத்தில் ஸ்டூல் மேல் இருந்தது. வழக்கமாக என்னைக் கேட்காமலே எடுப்பவர், கையை நீட்டினார். வாத்துகளுக்குப் பக்கத்தில் கை போனதும் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அவர் குழந்தைப் பையைக் கிளறிக்கொண்டிருப்பதை லைனில் இருக்கிற பெண்கள் பார்த்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். "அம்மிணி, அந்த ஆலன் கீயக் கொஞ்சம் நீங்களே எடுத்துக் குடுங்க" என்றார். நான் எடுத்துக் கொடுத்தேன். வேலை முடிந்ததும் அவரே என் கையில் திருப்பித் தந்தார். எலக்ட்ரீசியன் சொந்தமாக ஒரு ட்வீசர் வாங்கினார் என்று கேள்விப்பட்டேன்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தபோது ஆடிட் வந்தது. வெளிநாட்டுக்கு பனியன் வாங்குகிறவர்கள் அனுப்பும் ஆள் வந்து கம்பெனியைச் சுற்றிப் பார்ப்பார். அன்றைக்கு மட்டும் குடிதண்ணீர் சில்லென்று வரும், கக்கூஸில் சோப்பு இருக்கும். வந்தவர் பெங்களூரிலிருந்து ஒரு அம்மா. முடியைக் கட்டையாக வெட்டியிருந்தார். தமிழ் ஓரளவு தெரியும். அவரைக் கூட்டிக்கொண்டு சுற்றியவர் எங்கள் ஹெச்.ஆர். அதிகாரி, சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆன தம்பி. கேள்வி முடிவதற்குள் பதில் சொல்லிவிடுகிற திறமைசாலி.

அவர்கள் எங்கள் லைனுக்கு வந்தபோது நான் ஒரு ஓவர்லாக் மேஜைக்கு அடியில் படுத்து பெல்ட் மாட்டிக்கொண்டிருந்தேன். பை மேலே ஸ்டூலில் இருந்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம் இரண்டு ஜோடி ஷூ வந்து நின்றதுதான்.

"இது பேபி பேக் தானே? யாரோடது?" என்று அந்த அம்மா கேட்டார்.

"ஒரு மதரோடதுங்க மேடம்" என்று தம்பி உடனே சொன்னார். "அவங்க பேபி நம்ம கிரெச்ல இருக்குதுங்க."

கிரெச் என்பது வேலை செய்கிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள கம்பெனி வைத்திருக்க வேண்டிய அறை. எங்களிடமும் இருந்தது. சுவரில் முயல், மயில் படமெல்லாம் வரைந்து, கதவில் பெயர் எழுதி, உள்ளே காலி அட்டைப்பெட்டிகளை அடுக்கியிருந்தோம்.

"பை இங்க, பேபி அங்க. பால் எப்படி குடிக்கும்?" என்றார் அந்த அம்மா. "வாங்க, பார்க்கலாம்."

ஷூக்கள் அப்படியே நின்றன. பிறகு தம்பியின் குரல், "பார்க்கலாங்க மேடம். போற வழியில ஃபயர் சேஃப்டியும் பாத்துட்டுப் போயிரலாங்க" என்றது. நான் மேஜைக்கு அடியிலிருந்து தலையை வெளியே எடுப்பதற்குள் அவர் என் பையைத் தோளில் மாட்டிக்கொண்டுவிட்டார். மாட்டியதும் ஒரு பக்கமாகச் சாய்ந்தார். உள்ளே சின்னச் சுத்தியல் இருந்தது, எண்ணெய் பாட்டில் நிறைய எண்ணெய் இருந்தது. ஒரு குழந்தைக்கு இவ்வளவு கனமா என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது.

"சார், அந்தப் பை..." என்றேன்.

"அப்புறம் பேசிக்கலாங்க்கா" என்று கண்ணால் கெஞ்சினார். சூப்பர்வைசர் அக்காவிடம் மட்டும் காதில் ஏதோ சொன்னார். அந்த அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்பக்கத்தில் வெளியூர் ஆட்கள் தங்கும் குவார்ட்டர்ஸை நோக்கி ஓடினார்.

நானும் அவர்கள் பின்னாலேயே போனேன். என் டூல்ஸ் போகிற இடத்துக்கு நான் போகத்தானே வேண்டும். தம்பி அந்த அம்மாவுக்குத் தீயணைப்புக் கருவி ஒவ்வொன்றையும் தனித்தனியாக அறிமுகம் செய்தார். மணல் வாளியைக் காட்டினார். மணலைக் காட்டினார். முதலுதவிப் பெட்டியைத் திறந்து பஞ்சு எவ்வளவு வெள்ளையாக இருக்கிறது என்று காட்டினார். பை தோளை அறுக்க, வலது தோளிலிருந்து இடது தோளுக்கு மாற்றினார். உள்ளே கணகணவென்று சத்தம் கேட்டது. "கிலுகிலுப்பைங்க மேடம்" என்றார். அது ஒன்றுதான் அவர் அன்றைக்குச் சொன்னதில் பாதி உண்மை.

கிரெச்சுக்குப் போனபோது அட்டைப்பெட்டிகள் காணாமல் போயிருந்தன. தொட்டிலில் நிஜமாகவே ஒரு குழந்தை இருந்தது. எங்கள் செக்கிங்கில் வேலை செய்கிற ஒடிசாப் பெண்ணின் குழந்தை. குவார்ட்டர்ஸில் அவளுடைய நாத்தனாரிடம் தூங்கிக்கொண்டிருந்ததை அப்படியே அள்ளிக்கொண்டு வந்திருந்தார்கள். தொட்டில் மெத்தையின் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்க நேரமில்லை. குழந்தை புரண்டது, உறை சரசரத்தது, கண்ணைத் திறந்து மயிலைப் பார்த்து வீறிட்டது.

"பசிக்குது போல" என்று அந்த அம்மா தம்பியின் தோளிலிருந்து பையை வாங்கினார். நான் கண்ணை மூடிக்கொள்ளலாமா என்று யோசித்தேன். ஆனால் பார்க்காமல் இருக்கவும் மனசில்லை. பால் பாட்டில் வைக்கும் அறையிலிருந்து அவர் உருவியது, நீளமூக்கு வைத்த மிஷின் எண்ணெய் பாட்டில். அதைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு பெரிய ஜிப்பைத் திறந்தார். ஸ்க்ரூ டிரைவர்கள் வரிசையாக நின்றன. சுத்தியலை எடுத்தார். தம்பியைப் பார்த்தார்.

"டாய்ஸுங்க மேடம்" என்றார் தம்பி. குரல் ரொம்ப மெல்லியதாக வந்தது.

அதற்குள் குழந்தையின் தாய் வந்து தொட்டிலிலிருந்து தூக்கிக்கொண்டாள். ஆடிட்டுக்கு வந்த அம்மா அவளிடம் இந்தியில், தினமும் குழந்தையை இங்கேதான் விடுகிறாயா என்று கேட்டார். லைனில் வடக்கத்திப் பிள்ளைகளோடு பழகி எனக்கும் அந்த அளவு இந்தி புரியும். அவள் வெள்ளந்தியாக, இல்லை, இன்றைக்குத்தான் கூப்பிட்டார்கள் என்றாள். அதோடு விடவில்லை. அறை நன்றாக இருக்கிறது, நாளைக்கும் கொண்டுவரலாமா என்று தம்பியைப் பார்த்துக் கேட்டாள்.

குழந்தை அழுகையை நிறுத்துவதாக இல்லை. நான் போய்ப் பையின் அடியிலிருந்து கிலுகிலுப்பையை எடுத்து ஆட்டினேன். நின்றது. அந்தக் கடைக்கார அம்மா கொடுத்ததில் ஒன்று இப்படிப் போய்ச் சேர்ந்தது.

"மேடம், பை என்னோடது" என்றேன். "நான் மெக்கானிக்."

அவர் என் கைகளைப் பார்த்தார். கிரீஸ் இருந்தது. "டூல்ஸுக்கு எதுக்கு இந்த பேக்?"

ஹெச்.ஆர். தம்பி சொன்னது போதும், நானாவது உண்மையைச் சொல்லுவோம் என்று நினைத்தேன். "வாத்து போட்ட பைன்னா ஆம்பளையாளுக கை வெக்க மாட்டாக மேடம்."

அவர் சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பி மயில் படத்தைப் பார்த்தார். தோள் மட்டும் குலுங்கியது. திரும்பியபோது பழைய முகத்தோடுதான் திரும்பினார். இந்த அறை உண்மையாக நடக்க வேண்டும், சொல்லாமல் கொள்ளாமல் வந்து பார்ப்பேன் என்று தம்பியிடம் சொன்னார். பிறகு பையைக் காட்டி, டூல்ஸ் என்று வெளியே தெரிகிற மாதிரி எழுதி ஒட்ட வேண்டும் என்றார். போகும்போது, இந்தப் பை எங்கே கிடைக்கிறது என்று என்னிடம் தனியாகக் கேட்டுக்கொண்டார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

கிரெச் நடக்கிறது. ஒரு ஆயாம்மாவைப் போட்டிருக்கிறார்கள். அந்த ஒடிசாக் குழந்தைதான் முதலில் சேர்ந்தது, இப்போது காலையில் அந்தப் பக்கம் போனால் பேச்சுக் குரல் கேட்காத அளவுக்குச் சத்தம். ஹெச்.ஆர். தம்பி ஒரு மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒருநாள் கரன்ட் போனபோது கிரெச்சுக்குள் எட்டிப் பார்த்தேன். குழந்தைகள் ஆளுக்கொரு பக்கம் அழ, அவர் ஒன்றைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார். "பேசறதுக்கு நேரமில்லீங்க்கா" என்றார். கோபம் போயிருந்தது.

பையில்தான் சிக்கல் வந்தது. தம்பி பெரிய எழுத்தில் மெக்கானிக் டூல்ஸ் என்று அடித்துக் கொண்டுவந்து வாத்துகளின் மேல் ஒட்டிவிட்டார். வாத்துகள் மறைந்ததும் வெட்கமும் மறைந்துவிட்டது. மறுநாளே பெரிய மெக்கானிக் கேட்காமல் குறடை எடுத்தார். எலக்ட்ரீசியனும் வந்தார், அவருடைய ட்வீசர் தொலைந்துவிட்டதாம்.

இன்னொரு பை தேடி அலைய எனக்குத் தெம்பில்லை. மருந்துக்கடையில் ஒரு நாப்கின் பாக்கெட் வாங்கி, முன் ஜிப்பைத் திறந்ததும் முதலில் கண்ணில் படுகிற மாதிரி வைத்தேன். ஆலன் கீயை அதற்குப் பின்னால் வைத்தேன். பெரிய மெக்கானிக் ஜிப்பைத் திறந்தார், மூடினார், மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்தார். "அம்மிணி, ஃபேன்ல சத்தம் வருதுங்களே" என்றார். அதன் பிறகு இன்று வரை என்னைக் கேட்காமல் யாரும் அந்தப் பையைத் தொட்டதில்லை.

ஆண்கள் தொட்டதில்லை என்று சொல்ல வேண்டும். பாக்கெட் வைத்த சேதி லைனில் இருக்கிற பெண்களுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. அவசரத்துக்கு ஒருத்தி வந்தாள். மறுநாள் இன்னொருத்தி தன் தோழியையும் கூட்டிக்கொண்டு வந்தாள். நான் மேஜைக்கு அடியில் படுத்திருந்தாலும் ஜிப் சத்தம் கேட்கும். பின்னாலேயே, "அக்கா, ஒண்ணு எடுத்துக்கறேங்க்கா" என்று குரல் கேட்கும். எடுத்துக்கோ கண்ணு என்று கீழேயிருந்தபடியே சொல்லிவிடுவேன். ஸ்க்ரூ டிரைவர், குறடு, ட்வீசர் எல்லாம் அவையவை இடத்தில் அப்படியே இருக்கின்றன. பாக்கெட் மட்டும் ஒரு வாரம்கூடத் தாங்குவதில்லை.